ஊடகமும் நானும்: தன்னனுபவக் கட்டுரை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ், ஊடகவியல், சமூகவியல் போன்ற பாடங்களைப் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம், தம் அடையாளம் உருவானதில் ஊடகத்துக்கு என்ன பங்கு என்பதை விவரித்து ஒரு தன்னனுபவக் கட்டுரை எழுதித் தரும்படி கேட்பதுண்டு. அத்தகைய கட்டுரைகளை வாசித்துத் திருத்துவது என் வேலையின் ஒரு பகுதி. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டைச் சார்ந்தவை.

‘ஊடகங்களின் நன்மை தீமைகள்’ என்று பள்ளியில் எழுதிய கட்டுரையிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

நன்மை தீமைக் கட்டுரையை யார் எழுதினாலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டால், அவர் ஆணா பெண்ணா, தஞ்சாவூர்க்காரரா கோயம்புத்தூர்க்காரரா, இருபது வயதினரா அறுபது வயதினரா என்று கண்டுபிடிக்க முடியாது. தன்னனுபவக் கட்டுரையில் அவ்வாறு பெயரை மறைத்தாலும் ஆள் தெரிய வேண்டும். தொலைக்காட்சி அறிவை வளர்க்கிறது, ஆனால் நேரத்தை வீணாக்குகிறது என்ற வகையைச் சேர்ந்த ஒரு வாக்கியம் உங்கள் முதல் பக்கத்தில் இருந்தால், அதை அடித்துவிட்டு, உங்கள் வீட்டில் தொலைக்காட்சி எந்த அறையில் இருந்தது, அதன் ரிமோட் யாருடைய கையில் இருந்தது என்பதை எழுதத் தொடங்குங்கள். அந்த இரண்டு தகவல்களிலேயே குடும்பத்தில் யாருடைய விருப்பம் செல்லுபடியானது என்பது வெளிப்பட்டுவிடும். உங்கள் அடையாளத்தைப் பற்றிய பேச்சும் அங்கேயே தொடங்கிவிடும்.

தலைப்பு மிகவும் பரந்ததாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ஓர் ஊடகம், வாழ்க்கையின் ஒரு காலம், உங்களிடம் உள்ள ஓர் இயல்பு ஆகிய மூன்றையும் முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். ‘சமூக ஊடகம்’ என்பது ஓர் ஊடகம் ஆகாது. பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் நீங்கள் பார்த்த இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் என்று சொன்னால்தான் அது ஊடகம். அவ்வாறே ‘ஆளுமை’ என்பதும் இயல்பைக் குறிக்கப் போதாது. புகைப்படம் எடுக்கும்போது பல் தெரியாமல் சிரிப்பது, அந்நியரிடம் பேசும்போது ஊர் வழக்கை மறைப்பது, விலை குறைந்த கைபேசியை மேசையின் மேல் வைக்கத் தயங்குவது போன்றவையே எழுதத்தக்க இயல்புகள்.

எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்தும் ஊடகம் மாறும். சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. சன் தொலைக்காட்சி 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று வந்தது. அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006இல் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் கைபேசி இணையத்தின் விலை வெகுவாகச் சரிந்தது. இந்த ஆண்டுகளோடு உங்கள் வயதையும், உங்கள் பெற்றோரின் வயதையும் பொருத்திப் பாருங்கள். வேறொருவர் வீட்டு வாசலில் நின்று தொலைக்காட்சி பார்த்த ஒருவருக்கும், அதே தெருவில் 2006க்குப் பிறகு சொந்த வீட்டுக்குள் அமர்ந்து பார்த்த அவருடைய தம்பிக்கும் ஒரே நிகழ்ச்சி ஒரே பொருளைத் தந்திருக்காது. நான் வாசித்த நல்ல கட்டுரைகளில் பல, நிகழ்ச்சியை விட்டுவிட்டு அதைப் பார்க்க இடம் கிடைத்த விதத்தையே எழுதியவை.

வயதில் மூத்தவர்களை அணுகினால் இன்னும் வளமான செய்திகள் கிடைக்கும். ரூபவாகினி 1982இல் இலங்கையில் ஒளிபரப்பைத் தொடங்கியபின், சென்னையின் அலைவரிசை எட்டாத தென்கடலோர ஊர்களில் உயரமான ஆன்டெனா நட்டு, புள்ளி விழும் திரையில் சிங்கள அறிவிப்புகளுக்கிடையே எப்போதாவது வரும் தமிழ் நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கும் முன்பு, இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு, தம் பெயரும் ஊர்ப்பெயரும் ஒலிக்குமா என்று வானொலிப் பெட்டியருகே அமர்ந்திருந்த தலைமுறை ஒன்று இருந்தது. வரைபடத்தில் தேடினாலும் எளிதில் அகப்படாத ஒரு சிற்றூரின் பெயரை அந்த வானொலியின் அறிவிப்பாளர்களான மயில்வாகனமோ அப்துல் ஹமீதோ கடலுக்கு அப்பாலிருந்து உச்சரித்தபோது அவ்வூர்க்காரருக்குத் தன்னைப் பற்றி உண்டான எண்ணம் என்ன என்பது ஒரு முழுக் கட்டுரைக்கான பொருள்.

எந்த ஊடகமும் என்னைப் பாதித்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் என்ன எழுதுவது?

உங்கள் கருத்துகளில் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். பெரும்பாலோர் தம் கருத்துகள் தம்முடைய சொந்தச் சரக்கு என்றுதான் நம்புகிறார்கள். உடலிலும் வாயிலும் செலவுக் கணக்கிலும் தேடுங்கள். முடிதிருத்தகத்தில் எந்தப் படத்தைக் காட்டி ‘இதுபோல வெட்டுங்கள்’ என்று சொன்னீர்கள்? நண்பர்கள் உடனிருக்கும்போது அம்மாவை எப்படி அழைக்கிறீர்கள்? கோபம் வந்தால் உங்களிடமிருந்து வெளிப்படும் வசனம் யாருடையது? வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கிய உணவு, உடை, பெயர் ஏதேனும் உண்டா. அதை எங்கே கண்டபின் ஒதுக்கினீர்கள்? இக்கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதிய பிறகும் எதுவும் கிடைக்கவில்லை என்றால், தொலைக்காட்சி இல்லாத வீட்டிலோ ஊடகத்தைக் கட்டுப்படுத்திய குடும்பத்திலோ வளர்ந்ததைப் பற்றி எழுதலாம். மற்ற பிள்ளைகள் முந்தைய நாள் பார்த்த தொடரைப் பற்றிப் பேசும்போது தலையாட்டிச் சமாளித்த குழந்தையின் அனுபவமும் ஊடகம் உண்டாக்கியதுதான்.

பேச்சு வழக்கைப் பற்றி எழுதலாம் என்கிறீர்கள். அதற்கும் அடையாளத்துக்கும் என்ன தொடர்பு?

தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு இதைவிடச் சிறந்த பொருள் அரிது என்பது என் கருத்து. எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வானொலி வரும்வரை, தம் ஊரைத் தாண்டிப் பயணம் செய்யாத ஒருவர் பிற வட்டாரத் தமிழை நாள்தோறும் கேட்பதற்கு வாய்ப்பில்லை. ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி’ என்று டெல்லியிலிருந்து வந்த குரல், எந்த மாவட்டத்தின் தெருவிலும் எவரும் பேசாத ஒரு தமிழை எல்லா மாவட்டங்களின் வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தது. அது எழுத்துத் தமிழ், திருத்தமான உச்சரிப்பு, வாசிப்பவரின் சொந்த ஊர் எதுவென்று காட்டாத நடை. இப்படியும் தமிழை வாயால் சொல்லலாம் என்று கற்றுக்கொண்டவர்கள், மேடைப் பேச்சிலும் பள்ளி ஒப்பித்தல் போட்டியிலும் அதைக் கைக்கொண்டார்கள்.

திரைப்படம் வேறு விதமாக வேலை செய்தது. நாயகனும் நாயகியும் பெரும்பாலும் ஊர் அடையாளம் நீங்கிய பொதுத்தமிழில் காதலித்தார்கள். கொங்குத் தமிழும் நெல்லைத் தமிழும் சென்னைத் தமிழும் நகைச்சுவை நடிகருக்கும், வேலைக்காரருக்கும், அடியாளுக்கும் ஒதுக்கப்பட்டன. 1970களின் பிற்பகுதியிலிருந்து படப்பிடிப்பு கிராமங்களுக்குப் போனபின் இந்நிலை ஓரளவு மாறியது. ஆயினும் ‘ஏனுங்க’ என்ற சொல்லைக் கேட்டவுடன் சிரிக்க வேண்டும் என்று பார்வையாளருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டுவிட்டதால், கோபிசெட்டிபாளையத்திலிருந்து சென்னைக்கு வரும் மாணவர் விடுதியில் முதன்முதலாக வாயைத் திறக்கும்போது, அறைத் தோழர் அந்தப் பயிற்சியின்படியே சிரிக்கிறார். இவரும் ஒரு பருவத்துக்குள் ‘ங்க’வைக் குறைத்துக்கொள்கிறார். மரியாதையின் அடையாளமாக வீட்டில் பயின்ற ஒன்று, வெளியூரில் கேலிக்குரியதாகிவிட்டது. இந்த மாற்றத்தைச் செய்யும்படி அவரை எவரும் வற்புறுத்தவில்லை என்பதுதான் கட்டுரையில் எழுத வேண்டிய இடம்.

தனியார் தொலைக்காட்சிகள் வந்தபின் தொகுப்பாளர்களின் ஆங்கிலம் கலந்த துள்ளல் தமிழ் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் மொழிமாற்றம் செய்யப்பட்ட கார்ட்டூன் தொடர்களைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள், ‘அற்புதம் நண்பர்களே’ என்று வீட்டுக்குள் பேசத் தொடங்கினார்கள். செய்தி வாசிப்பாளரால் ஆகாததை அத்தகைய ஒரு தொடரின் நாயகியான டோரா சாதித்தாள் என்று சொன்னால் மிகையாக இராது. இன்று இருபதுகளில் இருக்கும் பலர் இந்த அனுபவத்தைப் பெற்றவர்கள். ஆனால் அதை எழுதியவர்கள் குறைவு.

அப்படியானால் அதை எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரிப் பத்தி தர இயலுமா?

இரண்டு பத்திகள் தருகிறேன். இரண்டும் இப்பக்கத்துக்காக நான் எழுதியவை. முதலாவது, வழக்கமாக வரும் வகை:

‘சிறு வயதில் தொலைக்காட்சி என் மொழியை மிகவும் பாதித்தது. நான் என் வட்டார வழக்கை மறந்து பொதுத்தமிழில் பேசத் தொடங்கினேன். இதனால் என் பண்பாட்டு அடையாளத்தை இழந்தேன். இன்று அதை எண்ணி வருந்துகிறேன்.’

இரண்டாவது:

‘மாலையில் சுட்டி டிவி வைத்துவிட்டால், ஆச்சி அடுக்களையிலிருந்து கூப்பிடுவது என் காதில் விழாது. “ஏட்டி, இங்கன வா” என்ற குரலில் மெல்லக் கோபம் ஏறும். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இதோ வருகிறேன், பாட்டி” என்பேன். எங்கள் வீட்டில் யாரும் “வருகிறேன்” என்று சொன்னதில்லை. “பாட்டி” என்றும் சொன்னதில்லை. ஆச்சிக்கு முதலில் அது விளையாட்டாக இருந்தது. “இவ டிவிக்காரி மாதிரில்லா பேசுதா” என்று பக்கத்து வீட்டு மதினியிடம் பெருமையாகச் சொல்வாள். அவர்கள் வரும்போது என்னைப் பேசிக் காட்டச் சொல்வாள். ஆறாம் வகுப்புக்கு நான் பாளையங்கோட்டைக்குப் போனபின்தான், அந்தத் தமிழ் எனக்கு ஒரு பாதுகாப்பு என்று தெரிந்தது. என்னுடன் வந்த ஊர்ப் பிள்ளைகளைப் பட்டிக்காடு என்று கேலி செய்தவர்கள் என்னைச் செய்யவில்லை. நானும் அந்தக் கேலிக்குச் சிரித்தேன்.’

முதல் பத்தி சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதில் ஒரு குரலோ ஓர் அறையோ மற்றொரு மனிதரோ இல்லை. ‘பண்பாட்டு அடையாளத்தை இழந்தேன்’ என்ற பெரிய சொல் எந்த இழப்பையும் காட்டவில்லை. இரண்டாவது பத்தியில் ‘அடையாளம்’ என்ற சொல்லே வரவில்லை. இருந்தும் ஊடகம் தந்த மொழி முதலில் விளையாட்டாகவும், பின்பு பெருமையாகவும், பின்பு கேலியிலிருந்து தப்பும் வழியாகவும் மாறுகிறது. கடைசி வாக்கியத்தில் எழுதுபவர் தம்மையும் விட்டுவைக்கவில்லை. ஆச்சியின் பெருமை முக்கியமானது என்பதையும் கவனியுங்கள். ஊடகத்தின் செல்வாக்கு பெரும்பாலும் நேராக வருவதில்லை. வீட்டார் அதைப் பாராட்டும்போதுதான் ஊன்றிக்கொள்கிறது.

நிறத்தையும் உடலையும் பற்றி எழுத விரும்புகிறேன். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்களா?

ஆம், பலர் எழுதுகிறார்கள். அதனால் தவிர்க்க வேண்டியதில்லை. எழுதப்படும் விதம்தான் சலிப்பூட்டுகிறது. விளம்பரத்தைப் பார்த்தேன், தாழ்வு மனப்பான்மை வந்தது, பிறகு நான் அழகு என்று உணர்ந்தேன் என்ற மூன்று படிகளில் அடங்கிவிடும் கட்டுரையை வாசிப்பவர் நம்புவதில்லை.

பின்னணியைச் சரியாகத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். சிவப்பழகுப் பசையான ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. நிறம் மாறியதும் வேலையோ வரனோ கிடைக்கும் கதையை அதன் விளம்பரங்கள் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தன. கருமை அழகு என்ற பொருளில் ஓர் இயக்கம் 2009இல் சென்னையிலிருந்தே தொடங்கியது. கருநிறத்தவரை அழகற்றவராகவோ தோல்வியடைந்தவராகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. 2020இல் அந்தப் பசையின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றப்பட்டது. பெயர் மாறிய பின்னும் கடைக்காரரிடம் பழைய பெயரைச் சொல்லி வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பதை நீங்களே உங்கள் ஊர்க் கடையில் கவனிக்கலாம்.

இனி உங்கள் பகுதிக்கு வாருங்கள். விளம்பரம் தனியாக எதையும் செய்துவிடவில்லை. மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று எழுதியவர் உங்கள் சித்தப்பாவாக இருக்கலாம். வெயிலில் விளையாடாதே என்று சொன்னவர் அம்மாவாக இருக்கலாம். பள்ளி ஆண்டு விழாவில் நடனத்துக்கு முதல் வரிசையில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்தவர் ஓர் ஆசிரியராக இருக்கலாம். திரையில் நாயகியாக வருபவர் வட மாநிலத்தவராக இருப்பதும், அவருக்கு வேறொருவர் தமிழில் குரல் கொடுப்பதும் தமிழ்ப் படங்களில் நெடுங்கால வழக்கம். ஒருத்தியின் முகத்தையும் மற்றொருத்தியின் குரலையும் சேர்த்து உண்டாக்கிய ஒரு பெண்ணோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்ட பதினான்கு வயதுச் சிறுமி, கண்ணாடிக்கு முன்னால் எதைச் செய்தாள் என்று எழுதுங்கள். எந்தக் கிரீம், யார் வாங்கித் தந்தது, எங்கே ஒளித்து வைத்தீர்கள், எரிச்சல் இருந்ததா, யாருக்குத் தெரிந்தது? ஆண்களும் இதை எழுத வேண்டும்; அப்பாவுடைய அலமாரியில் இருந்த ஆண்களுக்கான சிவப்பழகுப் பசையைப் பற்றி எவரும் எழுதி நான் இதுவரை வாசித்ததில்லை.

இன்னும் தாழ்வு மனப்பான்மை நீங்கவில்லை என்றால், நீங்கிவிட்டதாக எழுதாதீர்கள். மதிப்பெண்ணுக்காகக் குணமடைந்து காட்டுவது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

என்னைப் போன்றவர்கள் ஊடகத்தில் வருவதே இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றி எழுத முடியுமா?

முடியும், ஆனால் அது கடினம். ‘எங்களைக் காட்டவில்லை’ என்ற குற்றச்சாட்டு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். காட்டப்படாததால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் விவரிக்கத்தக்கது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர், தம்மைப் போன்ற பாத்திரம் பரிதாபத்துக்கு மட்டுமே வருவதைப் பார்த்து, விளையாட்டு வர்ணனைகளில் தமக்கான இடத்தைக் கண்டிருக்கலாம். மீனவர் குடியிருப்பில் பிறந்தவர், புயல் வரும் நாளில் மட்டும் தம் ஊருக்கு வரும் கேமராவைப் பார்த்து வளர்ந்திருக்கலாம். செய்தியாளர் கேட்கும் கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னால் ஒளிபரப்புவார்கள் என்று அவருடைய ஊர்ப் பெரியவர்கள் கற்றுவைத்திருந்தால், அது ஒன்றே போதும், கட்டுரை நிற்கும்.

ஒரு நடிகரின் ரசிகனாக இருந்ததைப் பற்றி எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். தமிழ்நாட்டில் ரசிகர் மன்றம் என்பது பொழுதுபோக்கைத் தாண்டிய அமைப்பு. கொடி, பதவி, நன்கொடை, தேர்தல் வேலை என்று விரிந்தது. அதிலிருந்து முதலமைச்சர்கள் வந்திருக்கிறார்கள். திரையில் தோன்றுபவரோடு பார்வையாளர் கொள்ளும் ஒருதலை நெருக்கத்தை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இலேயே விவரித்தார்கள். ஆனால் நம் ஊர் ரசிகரின் நெருக்கம் நடிகரோடு மட்டும் உள்ளதன்று. கட்-அவுட்டுக்குச் சாரம் கட்டிய மற்ற ரசிகர்களோடும் உள்ளது. நடிகரைப் பற்றி நான்கு வரிகளும், விடியற்காலைக் காட்சிக்கு உங்களோடு வந்தவர்களைப் பற்றி நாற்பது வரிகளும் எழுதினால் அளவு சரியாக இருக்கும். படத்தின் கதையைச் சொல்ல வேண்டாம்.

என் காலத்து ஊடகம் கைபேசிதான். அதில் விவரிக்க என்ன இருக்கிறது?

கைபேசியைப் பற்றிய கட்டுரைகள் வெளிறிப்போவதற்குக் காரணம், திரைக்குள் நடப்பதை மட்டும் எழுதுவதுதான். கைபேசியை வைத்திருந்த கை எங்கே இருந்தது என்பதையும் எழுதுங்கள்: போர்வைக்குள்ளா, பேருந்திலா, கழிவறையிலா. அது யாருடைய கைபேசி, அதற்கு யார் ரீசார்ஜ் செய்தார்கள், பூட்டை யார் வைத்தார்கள் என்பவையும் வேண்டும்.

உங்களுக்கு அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் பரிந்துரை நிரல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் விருப்பம் தெரிவித்தவை மட்டுமின்றி, எந்தக் காணொளியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எதை மறுபடி பார்த்தீர்கள் என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது. நீங்கள் விரும்புவதாகச் சொல்லிக்கொள்வதற்கும் உண்மையில் நின்று பார்ப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அது அறியும். இந்த இடைவெளியே ஒரு நல்ல கட்டுரைக்கு உரியது. செயலி உங்களுக்குக் காட்டுபவற்றைப் பத்து நிமிடம் பார்த்து, வந்தவற்றை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் அந்தப் பட்டியலைப் பார்த்தால் உங்களை யாரென்று நினைப்பார் என்று யோசியுங்கள்.

பார்ப்பவராக மட்டுமின்றிக் காட்டுபவராகவும் இருந்தீர்கள் என்றால் அதை மறைக்க வேண்டாம். 2020ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடைசெய்தபோது, வயலிலும் அடுக்களையிலும் இருந்தபடியே வசனம் பேசியும் ஆடியும் தமக்கென்று பார்வையாளரைச் சேர்த்திருந்த பலர் அவர்களை ஒரே நாளில் இழந்தார்கள். அந்தச் செயலியை ஏளனம் செய்த நகரத்துப் பார்வையை நான் ஒப்புக்கொள்வதில்லை. எந்த வாய்ப்பும் தேடி வராத மனிதர்கள் தாமாகவே திரைக்கு வந்த இடம் அது.

நான் கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழர். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். வீட்டில் ‘கதைப்பவர்’ ஒருவர், பள்ளியில் சந்திக்கும் தமிழகத்து நண்பரிடம் ‘பேசத்’ தொடங்குவதற்குத் திரைப்படமே காரணமாக இருக்கும். பார்த்திராத யாழ்ப்பாணத்தைப் பெற்றோரின் நினைவிலிருந்தும், பார்த்திராத மதுரையைத் திரையிலிருந்தும் ஒருசேரப் பெற்றவருக்கு, ‘ஊர்’ என்று கண்ணை மூடினால் எது வருகிறது என்பது சொல்லத்தக்கது. போர்க்காலச் செய்திகளை வீட்டார் எந்தத் தொலைக்காட்சியில், எந்த வானொலியில், எந்த இணையதளத்தில் தேடினார்கள் என்பதையும், அப்போது அந்த அறையில் உங்களுக்கு என்ன இடம் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு எல்லாம் துல்லியமாக நினைவில்லை. கற்பனை செய்யலாமா?

உரையாடலின் சொற்களை நினைவிலிருந்து மீட்டமைக்கலாம். நடக்காத நிகழ்ச்சியைச் சேர்க்கக் கூடாது. நிறமோ நாளோ நினைவில்லை என்றால் அதை விட்டுவிட்டு நினைவில் இருப்பதை எழுதுங்கள். ஊடகத்தைப் பற்றிய தகவல்களில் நினைவை நம்பவே வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் பார்த்ததாக நீங்கள் உறுதியாக நம்பும் தொடர், நீங்கள் எட்டாம் வகுப்புக்குப் போன பிறகு தொடங்கியதாக இருக்கக்கூடும். அலைவரிசை, ஆண்டு, ஒளிபரப்பான கிழமை ஆகியவற்றைப் பழைய நாளிதழின் நிகழ்ச்சிப் பட்டியலிலோ நூலகத்திலோ சரிபாருங்கள். முரண்பாடு தெரிந்தால், அந்த முரண்பாட்டையே எழுதலாம். அண்ணன் பார்த்துச் சொன்னதைத் தாம் பார்த்ததாகவே வைத்திருந்தவர்கள் பலர்.

கோட்பாடுகளை மேற்கோள் காட்ட வேண்டுமா?

ஆசிரியர் கேட்டிருந்தால் ஒன்று போதும். அதுவும் உங்கள் அனுபவம் எழுதப்பட்ட பிறகே வர வேண்டும். பிறர் நம்மை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று நாம் எண்ணிக்கொள்வதிலிருந்தே நம்மைப் பற்றிய உணர்வு உருவாகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902இல் எழுதினார். மேலே கண்ட விடுதி மாணவருக்கு இது நன்கு பொருந்தும். மனிதர்கள் தம் தகுதியைப் பிறரோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் முன்வைத்தது நிறம், உடல் பற்றிய கட்டுரைகளுக்கு உதவும். என் பரிந்துரை பிரிட்டனில் பணியாற்றிய பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால். ஊடகம் சொல்வதைப் பார்வையாளர் அப்படியே ஏற்கலாம், பேரம் பேசி ஒரு பகுதியை ஏற்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்று 1970களில் அவர் காட்டினார். சீரியலில் மாமியாரை அழவைக்கும் மருமகளைப் பார்த்து, கதை சொல்லும் நீதியைக் கண்டுகொள்ளாமல் ‘நல்லா வேணும்’ என்று சொன்ன அத்தைமார்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. அவர்களை விளக்குவதற்கு ஹால் வேண்டும்.

குடும்பத்தினரைப் பற்றியும் சாதியைப் பற்றியும் எழுதும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பெயர்களை மாற்றுங்கள், அடையாளம் தெரியும் விவரங்களைக் குறையுங்கள், எழுதியதை அவர் வாசித்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சாதியை மழுப்ப வேண்டாம். எந்தப் படத்துக்கு எந்தத் தெருவில் பதாகை கட்டினார்கள், எந்தப் பாடல் எந்தக் கோவில் கொடையில் ஒலித்தது, எதை ஒலிக்கவிடவில்லை என்பவை தமிழ்நாட்டில் ஊடகத்தின் செல்வாக்கிலிருந்து பிரிக்க முடியாதவை. அதே நேரத்தில், உங்கள் கட்டுரை வகுப்பில் உரக்க வாசிக்கப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாசிக்கப்படும் என்றால், எதைச் சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. உண்மையாக எழுதுவதற்காக உங்களை ஆபத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

எழுத்துத் தமிழில் எழுதுவதா, பேச்சுத் தமிழிலா?

உரைநடையை எழுத்துத் தமிழிலும் உரையாடலைப் பேசியவரின் வழக்கிலும் எழுதுங்கள். மாதிரிப் பத்தியில் ஆச்சியின் வாயிலிருந்து ‘பேசுகிறாள்’ என்று வந்திருந்தால், பத்தியின் பொருளே கெட்டுப்போயிருக்கும். ரீல்ஸ், சீரியல், ரிமோட் போன்ற சொற்களைத் தூய தமிழாக்கத் தேவையில்லை.

கட்டுரையை எப்படி முடிப்பது?

‘ஊடகத்தை அளவோடு பயன்படுத்துவோம்’ என்று முடிக்காதீர்கள். தேர்ந்துகொண்ட இயல்பு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லி நிறுத்தினால் போதும். ஊர் வழக்கை மறைத்த மாணவர், இப்போது வீட்டுக்குக் கைபேசியில் பேசும்போது மட்டும் அதற்குத் திரும்புகிறார் என்றால் அதை எழுதலாம். திரும்பவில்லை என்றால் அதையும் எழுதலாம். கடைசிப் பத்தியை எழுதி முடித்ததும் அதை நீக்கிவிட்டு வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு முந்தைய பத்தியிலேயே கட்டுரை முடிந்திருக்கும்.

தலைப்பு எப்படி வைப்பது?

எழுதி முடித்தபின் வையுங்கள். ‘ஊடகமும் அடையாளமும்’ என்பது பாடத்தின் பெயர்; அதை ஆசிரியரே ஏற்கெனவே வைத்துவிட்டார். உங்கள் கட்டுரைக்குள் எவரோ சொன்ன ஒரு தொடர், ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பான நேரம், ஓர் அறையின் பெயர் ஆகியவற்றுள் ஒன்று தலைப்பாக நிற்கும்.